அம்மாவின் பெயர் என்ன?

எங்கள் ஊரான தஃபீலாவில் ஒரு பையனின் வாயிலிருந்து அவனுடைய அம்மாவின் பெயரை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எவனுக்காவது இன்னொருவனின் அம்மா பெயர் தெரிந்துவிட்டால் போதும், இடைவேளையில் மைதானம் முழுக்க அதைக் கத்துவான். அன்றைக்கு யாருடைய சட்டையாவது கிழியும். கல்யாணப் பத்திரிகையிலேயே மணப்பெண்ணின் பெயரைப் போடாமல் ‘இன்னாரின் மகள்’ என்று அச்சடிக்கிற ஊர் இது. கேட்டால் மரியாதை என்போம். நானும் இத்தனை வயதுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸுஹைபின் விஷயம் தெரிந்தபிறகு அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துத்தான் வாயில் எடுக்கிறேன்.

அவன் அம்மா மஸ்யூனாவும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்க எங்கள் டீச்சர் அவளைத்தான் கூப்பிடுவார். நாங்களெல்லாம் டெஸ்க்குக்கு அடியில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருக்கையில் அவள் மட்டும் பாடத்தை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பள்ளி இறுதித் தேர்வுக்கு முன்னாலேயே அவளைப் பட்டாளத்துக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. ஸுஹைபும் அவனுக்குப் பின்னால் இரண்டு பெண்களும் பிறந்தார்கள். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மஸ்யூனா பரண்மேல் கிடந்த பாடப்புத்தகங்களை இறக்கி, விட்ட தேர்வை எழுத ஆரம்பித்தாள். தோற்றாள். திரும்ப எழுதினாள். மறுபடியும் தோற்றாள். மகன் பாஸான அடுத்த வருஷம் அவளும் பாஸானாள். அன்றைக்குத் தட்டு நிறையக் குனாஃபா இனிப்பு ஏந்திக்கொண்டு தெருவில் வீடுவீடாகப் போனவன் யார் என்கிறீர்கள்? ஸுஹைப்தான். "எங்கம்மா பாஸ்! எடுத்துக்கங்க, எங்கம்மா பாஸ்!" என்று அவன் போட்ட சத்தத்தில் நானே கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

ஆக, அவன் கல்நெஞ்சுக்காரன் இல்லை. தெருவில் அம்மா பாஸானது அவனுக்குப் பெருமை. அதே அம்மா அவன் படிக்கிற பல்கலைக்கழகத்தில், அவன் படிக்கிற ஆங்கிலத் துறையிலேயே இடம் வாங்கியதும்தான் பையனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அதிலும் இலக்கியத்தைப் பகுத்துப் பார்க்கச் சொல்லித்தருகிற வகுப்புக்கு அந்தப் பருவத்தில் ஒரே பிரிவுதான். இரண்டாம் வருஷம் படிக்கிற மகனும் முதல் வருஷம் படிக்கிற அம்மாவும் ஒரே அறையில் உட்கார்ந்தாக வேண்டும்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவன் சமையலறைக்குள் வந்து நின்றான். அவள் பிஞ்சுச் சுரைக்காய்களைக் குடைந்துகொண்டிருந்தாள், அரிசி அடைத்து வேகவைக்க.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"முதல்ல கேளு. கோவிச்சுக்கறதை அப்புறம் பாத்துக்கலாம்."

"காலேஜ்ல... நீ என் அம்மான்னு யார்கிட்டயும் சொல்லாத."

அவள் கை நிற்கவில்லை. காய்க்குள்ளிருந்து சதையை வழித்துக் கிண்ணத்தில் தட்டினாள்.

"ஏன்டா?"

"பசங்க ஓட்டுவாங்கம்மா. தெரியாத மாதிரி கேக்காத."

"உங்கப்பா பேரு உன் பின்னால, எங்கப்பா பேரு என் பின்னால. நாமளா சொன்னாத்தான் உண்டு. அங்க நம்ம ஊர்ப் பிள்ளைங்க யாரும் இருக்காங்களா?"

"இல்ல. எல்லாம் கரக், ஷவ்பக், மஆன் பக்கம். ஹாஸ்டல்காரங்க."

"பஸ்ல?"

"நீ முதல் பஸ்ல போயிடு. நான் அடுத்ததுல வர்றேன்."

இதையெல்லாம் அவன் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காயைக் கீழே வைத்தாள்.

"நான் உம் யாரு, யாரோட அம்மான்னு கேப்பாங்களே, அதுக்கு?"

எங்கள் பக்கம் தலைப்பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரு பெண்ணுக்கு அவன் பெயர்தான் பெயர். ஊரில் அவளை யாரும் மஸ்யூனா என்று கூப்பிடுவதில்லை, என்னைத் தவிர. அவள் எல்லாருக்கும் உம் ஸுஹைப், ஸுஹைபின் அம்மா.

"உன் பேரையே சொல்லிடேன்" என்றான் அவன்.

அவள் சிரித்தாள். "உம் ஸுஹைப், உம் ஸுஹைப்னு கேட்டுக் கேட்டு அந்தப் பேரு எனக்கே மறந்துபோச்சு. சரிடா, உனக்கு எது சௌகரியமோ அப்படியே இருக்கட்டும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அவனைக் கூப்பிட்டு இரண்டு அறை விடட்டுமா என்று கேட்டேன். "விடு, சின்னப் பையன், அவனுக்கு அவன் கஷ்டம்" என்று அவள் என் வாயை அடைத்துவிட்டாள்.

வகுப்பு எடுத்தவர் டாக்டர் தீமா. தலைநகர் அம்மானைச் சேர்ந்தவள், இங்கிலாந்தில் படித்து வந்தவள், முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பாள். வகுப்பு பாதி ஆங்கிலத்திலும் பாதி அரபியிலும் நடக்கும். அவளுக்குக் கோபம் வந்துவிட்டால் முழுக்க அரபிதான். எங்கள் பிள்ளைகள் மனப்பாடத்தில் கெட்டிக்காரர்கள். அச்சடித்த குறிப்புகளை வாங்கி நெட்டுருப் போட்டு அப்படியே கக்கிவிட்டுப் போவார்கள். அந்த வித்தை இவளிடம் பலிக்கவில்லை. "எழுதியிருக்கறதை யார் வேணா படிக்கலாம். எழுதாம விட்டதைப் படிக்கறவன்தான் என் மாணவன்" என்பாள். இன்னொன்றும் வாரம் தவறாமல் சொல்வாள்: "கதையை எழுதினவர் வேற, கதைக்குள்ள இருந்து சொல்றவன் வேற. அவன் சொல்றதை எல்லாம் நம்பாதீங்க." பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தேர்வில் பழையபடி ‘ஆசிரியர் இங்கே கூறுகிறார்’ என்றே எழுதுவார்கள்.

முதல் நாள் மஸ்யூனா கறுப்பு ஜில்பாப் அங்கியும் வெள்ளை முக்காடுமாக, புத்தகங்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். யாரோ டீச்சர் என்று நினைத்துப் பாதி வகுப்பு எழுந்து நின்றது. அவள் பதறி, "உக்காருங்க பிள்ளைங்களா, நானும் உங்கள மாதிரிதான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த வாக்கில், தாய்க்காரி அல்லவா, கண் தானாக அறையைத் துழாவிப் பின்வரிசையில் மகன்மேல் போய் நின்றுவிட்டது. உடனே திருப்பிக்கொண்டாள். ஆனால் பக்கத்தில் இருந்த கஸ்வான் பார்த்துவிட்டான். மஆன்காரன், வாய் சும்மா இருக்காது.

"டேய், அந்தச் சித்தி உன்னையே பாக்கறாங்க. தெரிஞ்சவங்களா?"

ஸுஹைபுக்கு எங்கிருந்துதான் வாயில் வந்ததோ, "உங்கம்மாடா. சாப்பிட்டியான்னு பாக்க வந்திருக்காங்க" என்றான்.

வேறு எவனாவது சொல்லியிருந்தால் கைகலப்பாகியிருக்கும். கஸ்வான் கண்ணில் நீர் வரச் சிரித்தான். முன்னால் இருந்தவர்களுக்கும் சொன்னான். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது அந்த விளையாட்டு. மஸ்யூனா வகுப்புக்குள் வந்தால் ஒருவன் இன்னொருவனை இடித்து, "உங்கம்மா வந்தாச்சு" என்பான். அவள் கேள்வி கேட்டால், "உங்கம்மாவுக்குப் புரியலையாம், போய்ச் சொல்லிக்கொடு." அவள் கொண்டுவந்த திராட்சை இலைச் சுருள்களைப் பெண்பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தால், "உங்கம்மா எங்களுக்குத் தரலையே." தரவில்லை என்பதும் பொய். பின்வரிசைக்கும் டப்பா வரும். வழித்துத் தின்றுவிட்டுத்தான் பேசுவார்கள்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கேன்டீனில் ஒருநாள் எவனோ அவளைப் போலப் பேசிக் காட்டினான், சரியாக வரவில்லை. "அப்படியில்லடா" என்று ஸுஹைப் எழுந்தான். அவள் பேனாவை எடுப்பதற்கு முன் விரல்களை ஜில்பாப்பில் துடைத்துக்கொள்வது, சொல் தெரியாதபோது அண்ணாந்து கூரையைப் பார்ப்பது, ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டால் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று மூச்சு விடுவது, எல்லாம் அச்சு அசல். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். "எப்படிடா இவ்வளவு கரெக்டா பிடிச்ச?" என்று கஸ்வான் கேட்டான். பிறந்ததிலிருந்து பார்க்கிறான், பிடிக்காமல் என்ன? அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் அவனை எழுப்பிவிட்டு, "அந்தச் சித்தியப் பண்ணுடா" என்று கேட்பார்கள். அவனும் பண்ணினான். ஒவ்வொரு தடவையும் முடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொள்வானாம். அதை அவனே பின்னால் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, தலை நிமிராமல் சொன்னான். கழுவி என்ன பிரயோஜனம்?

வீட்டில் அவன் வேறு பையன். சாயந்திரமானால் அம்மாவும் பிள்ளையும் சாப்பாட்டு விரிப்பை மடித்துவைத்துவிட்டு ஒரே புத்தகத்தின் மேல் குனிவார்கள். தெரியாத சொற்களை அவன் சொல்லிக்கொடுப்பான். புரியாத மனிதர்களை அவள் சொல்லிக்கொடுப்பாள். அப்படித்தான் அந்த ஆங்கிலக் கதையையும் படித்தார்கள். கடலோர ஊர் ஒன்று, ஒரு வீடு. பட்டணத்தில் வேலை பார்க்கிற மகன் விடுமுறைக்கு வந்து, அந்த நாட்களைத் தானே சொல்வதாகக் கதை. அப்பா இருக்கிறார், அண்ணன் இருக்கிறான், ஒரு கிழட்டு நாய் இருக்கிறது. அம்மா சமைக்கிறாள், துவைக்கிறாள், அவன் சட்டையில் கிழிந்த இடத்தைத் தைத்துப் பெட்டியில் வைக்கிறாள். அவன் ரயிலேறிப் போய்விடுகிறான். அவ்வளவுதான்.

"இந்தம்மா பேரு என்னடா?" என்று மஸ்யூனா கேட்டாள்.

அவன் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். "போடலை."

"அப்பாவுக்குப் போட்டிருக்கு. நாய்க்குக்கூடப் போட்டிருக்கு."

"மரியாதைக்காக விட்டிருப்பாங்கம்மா. நாமளும் வெளிய சொல்லமாட்டோம்ல, அதுமாதிரி."

"இருக்கும்" என்றாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்துவைத்துவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனாள்.

மறுநாள் டாக்டர் தீமா உள்ளே நுழைந்ததும் அதையேதான் கேட்டாள். "இந்தக் கதையில அப்பாவுக்குப் பேர் இருக்கு, நாய்க்குப் பேர் இருக்கு, அம்மாவுக்கு இல்ல. ஏன்?"

ஸுஹைபுக்கு உள்ளே குதூகலம். நேற்றே யோசித்த கேள்வி! அந்தப் பருவத்தில் நல்ல மதிப்பெண் வாங்கி டாக்டரின் கண்ணில் படவேண்டும் என்று அவனுக்கு ஆசை. கையை உயர்த்தினான்.

"மரியாதை டாக்டர். ஆசிரியர் அந்தத் தாயைக் காப்பாத்தறார். ஊர் வாயில அவங்க பேரு விழக்கூடாதுன்னு மறைச்சு வைக்கறார். நாயை யாரும் எப்படியும் கூப்பிடலாம். அதனால அதுக்குப் பேர் வச்சார்."

பையன்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். கஸ்வான் மேஜையில் தட்டி, "இவன் வாயில தேன ஊத்தணும்!" என்றான். டாக்டர் தீமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸுஹைபையே பார்த்தாள்.

"எழுதினவர் தஃபீலாக்காரரா?"

"இல்ல டாக்டர்."

"அவங்க ஊர்ல அம்மா பேரைச் சொன்னா அசிங்கமா?"

"தெரியல டாக்டர்."

"நீ கதையைப் படிக்கல. உன் வீட்டைப் படிச்சிட்டு வந்திருக்க." பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "சரி, உங்க வீட்டுக்கே வருவோம். அந்த மரியாதை எப்படி இருக்குன்னு நானும் பாக்கணும். பையன்கள் எல்லாரும் வரிசையா எழுந்து அம்மா பேரைச் சொல்லுங்க. கஸ்வான், நீ ஆரம்பி."

கஸ்வானின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "உம் கஸ்வான்" என்றான்.

"அது உன் பேரு. அவங்க பேரு?"

"டாக்டர், இத்தனை பொண்ணுங்க முன்னாடி..."

"பொண்ணுங்களா? நாளைக்கு அவங்கதான் யாருக்காவது அம்மா. சொல்லு."

அவன் காது சிவந்து, ஆங்கிலத்தில் சொன்னால் பாவம் குறையும் என்பதுபோல ‘மை மதர் நேம்’ என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டான். அடுத்தவன் வயிற்றுவலி என்று வெளியே ஓடினான். அதற்கடுத்தவன், "என் அடையாள அட்டையில இருக்கு, நீங்களே பாத்துக்கங்க" என்று அட்டையைக் கவிழ்த்து நீட்டினான். வகுப்பு சிரித்துச் சிரித்துப் புரண்டது. முன்வரிசையில் மஸ்யூனாவும் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஸுஹைபின் முறை வந்தது.

எழுந்து நின்றான். அவளுடைய வெள்ளை முக்காடு அவனுக்கு நேர் எதிரே, நான்கைந்து வரிசை தள்ளி. அவள் திரும்பவில்லை. சிரிப்பை மட்டும் நிறுத்திவிட்டாள். ‘மஸ்யூனா’ என்று சொன்னால் முடிந்தது. எங்கள் தலைமுறையோடு ஒழிந்துபோன பெயர், அந்த அறையில் அந்தப் பெயருக்கு ஒரே ஆள்தான். அதைச் சொன்ன கணமே எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள், அப்புறம் அவனைப் பார்ப்பார்கள். கேன்டீனில் அவன் காட்டிய வித்தையெல்லாம் அப்போது எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

"லீனா" என்றான். சத்தமாக, தயங்காமல்.

"பார்றா!" டாக்டர் தீமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த வகுப்புல ஒரே ஒரு ஆம்பளை! வாய் கூசாம சொன்னான் பாருங்க. லீனா. எவ்வளவு அழகான பேரு! கை தட்டுங்க எல்லாரும்."

எல்லாரும் தட்டினார்கள். மஸ்யூனாவும் தட்டினாள். முதுகு தெரிய உட்கார்ந்தபடி, மற்றவர்களைப் போலவே கையை உயர்த்தித் தட்டினாள். அந்த ஒரு சத்தம் மட்டும் தனக்குத் தனியாகக் கேட்டது என்று பின்னால் அவன் என்னிடம் சொன்னான். நிற்கவும் முடியவில்லையாம், உட்காரவும் முடியவில்லையாம். நிலம் பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்ததாம். அவன் சொன்னபோது எனக்கு இரக்கம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

டாக்டர் தீமா கைதட்டல் ஓயும்வரை நின்றுவிட்டு மஸ்யூனா பக்கம் திரும்பினாள். "இங்க இருக்கறதுல பிள்ளை பெத்தவங்க நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு மகன் இருக்கானா?"

"இருக்கான் டாக்டர்."

"அவன் வெளியிடத்துல உங்க பேரைச் சொல்வானா?"

"சொல்லுவான்" என்றாள் மஸ்யூனா. "ஊரே கேக்கற மாதிரி சொல்லுவான். அவனுக்கு அந்த வெக்கமெல்லாம் கிடையாது."

"குடுத்து வச்சவங்க. அப்ப நீங்க சொல்லுங்க, இந்தக் கதையில ஏன் அவங்களுக்குப் பேர் இல்ல?"

மஸ்யூனா விரல்களை ஜில்பாப்பில் துடைத்துக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள். பின்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள், அதைத்தான் கேன்டீனில் தினமும் பார்க்கிறார்களே. ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள், பாதியில் அரபிக்கு வந்துவிட்டாள்.

"எழுதினவருக்கு அவ பேரு தெரியும்னு நினைக்கறேன் டாக்டர். பால்காரனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். கதையைச் சொல்றது யாரு? அந்தப் பையன். அவன்தான் சொல்லலை. அவனுக்கு அவளைப் பாத்தா வெக்கமா இருக்கு. அவ கையெல்லாம் சலவைச் சோடா வாசம் அடிக்குதுன்னு ஒரு இடத்துல சொல்றான், பட்டணத்துல யாருக்கும் அப்படி அடிக்காதுன்னு சொல்றான். பேரைச் சொல்லிட்டா அவ ஒரு ஆளா ஆயிடுவா. அப்புறம் அவளைத் தெரியாதுன்னு சொல்ல முடியாது."

டாக்டர் தீமா மேஜைமேல் சாய்ந்து நின்றுவிட்டாள். பருவம் முழுக்கத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான். கடைசியில் அது இந்த ஒரு வாயிலிருந்து வருகிறது.

"அப்ப அவன் கெட்டவனா?" என்று கேட்டாள்.

"ஐயோ, இல்ல டாக்டர்!" மஸ்யூனா கிட்டத்தட்ட எழுந்தேவிட்டாள். "கெட்டவன்னா அந்தச் சட்டையப் பத்தி எதுக்கு அவ்வளவு எழுதறான்? தையல் எந்த நூல்ல போட்டிருந்துச்சு, எந்தப் பக்கம் முடிச்சு இருந்துச்சு, எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கே. பேரு மட்டும்தான் வாயில வரலை. சின்னப் பையன். அவளுக்கு அது தெரியும். அதான் பெட்டியில மடிச்சு வச்சுட்டுப் பேசாம இருந்துட்டா."

கஸ்வான்கூடச் சிரிக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

ஸுஹைப் எழுந்துவிட்டான். எழவேண்டும் என்று நினைத்து எழவில்லை.

"டாக்டர்" என்றான். "அவங்க என் அம்மா."

ஒரு நொடிதான். அப்புறம் வெடித்ததே ஒரு சிரிப்பு! பக்கத்து அறை விரிவுரையாளர் வந்து எட்டிப்பார்க்கிற அளவுக்கு. கஸ்வான் துள்ளி எழுந்து, "பொய் டாக்டர், என் அம்மா!" என்றான். "எனக்கும் அம்மா!" என்றான் இன்னொருவன். வயிற்றுவலிக்காரன் கதவுக்கு வெளியிலிருந்தே, "டேய், உங்கம்மா கூப்பிடறாங்கடா!" என்று குரல் கொடுத்தான். அத்தனை மாதமாக அவனே வளர்த்த விளையாட்டு. அவன் சொன்னதிலேயே இதுதான் அதிகச் சிரிப்பை வாங்கியது.

"நிஜமா டாக்டர்! அவங்க என் அம்மா! சத்தியமா!" என்று அவன் கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது. அழுகை கலந்த அவன் குரலைக்கூட நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த வித்தையில்தான் அவன் பேர் வாங்கியவன் ஆயிற்றே.

டாக்டர் தீமாவின் முகம் கறுத்துவிட்டது. முழுக்க அரபிக்கு வந்துவிட்டாள். "வாய மூடுங்க எல்லாரும்! ஸுஹைப், உங்கம்மா பேரு லீனான்னு இப்பத்தானே சொன்ன? கை தட்டினோமே?"

"அது பொய் டாக்டர்."

"அது பொய், இது நிஜமா? ஒரு பொம்பளை இந்த வயசுல படிக்க வந்து, நீங்க ஒருத்தரும் சொல்லாததைச் சொல்றாங்க. உனக்கு அது கேலியா? உன்கிட்ட நான் என்னமோ எதிர்பார்த்தேன். வெக்கமா இல்ல?"

டாக்டர் தீமா மஸ்யூனா பக்கம் குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"இவன் உங்களுக்குத் தெரிஞ்ச பையனா?"

மஸ்யூனா அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். ‘ஆமாம்’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன்டி சொல்லவில்லை என்று நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். அவள் சொன்ன பதில் இது: "என் பிள்ளைன்னா, இத்தனை நாளா என்னை வச்சுச் சிரிக்க வச்சது யாருன்னு கேப்பாங்க. பெத்தவளைத் தெரியாதுன்னு சொன்னவன், கை தட்டினதை வாங்கிக்கிட்டவன்னு ஆயிடும். கரக்குலயும் மஆன்லயும் ஆளாளுக்கு வீட்ல போய்ச் சொல்லுவாங்க. நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" எங்கள் ஊரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் நினைத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேலும் அவள் சத்தியம் பண்ணிக்கொடுத்திருந்தாள். அதை அவன் கேட்டு வாங்கியிருந்தான்.

"தெரியாது டாக்டர்" என்றாள். "விட்டுடுங்க. யாரோ பெத்த பிள்ளை. ஏதோ விளையாட்டுக்குச் சொல்லிட்டான்."

"உங்களுக்குப் பெரிய மனசு. எனக்கில்ல. ஸுஹைப், முன்னாடி வா. இவங்ககிட்ட மன்னிப்பு கேளு. கேட்டுட்டு உக்காரு. இல்லன்னா இந்த வகுப்புப் பக்கமே வராத."

அவன் வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தான். சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது. அவள் கண்ணைப் பார்க்கப் பயந்து, அவள் மடியில் கோத்திருந்த கைகளைப் பார்த்தான்.

‘அம்மா’ என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் தலையை மிக லேசாக, மற்றவர்களுக்குத் தெரியாதபடி, வேண்டாம் என்று அசைத்தாள்.

"மன்னிச்சிடுங்க..." என்றான். "மன்னிச்சிடுங்க, சித்தி."

"பரவாயில்ல மகனே. போய் உக்காரு" என்றாள் மஸ்யூனா.

எங்கள் பக்கம் வயதில் மூத்த எந்தப் பெண்ணும் எந்தப் பையனையும் அப்படித்தான் கூப்பிடுவாள். அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. டாக்டர் தீமா புத்தகத்தைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போனாள். அவனும் போய் உட்கார்ந்தான்.